என் கழுத்தில் ஒரு துவரம்பருப்பு

மாணவர்களுக்குக் கழுத்து ஸ்கேன் சொல்லிக்கொடுக்க நான் என் கழுத்தையே கொடுப்பது வழக்கம். காலையிலிருந்து வெறும் சாயாவோடு காத்திருக்கும் ஒரு பெண்ணைப் படுக்கவைத்து, சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டு, ஆளுக்கொரு முறை கருவியை அழுத்திப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. அவள் என்ன பொம்மையா? என் கழுத்து சும்மாதானே இருக்கிறது. தோளுக்கடியில் தலையணையை வைத்துக்கொண்டு படுத்துவிடுவேன். ஜில்லென்ற பசையைத் தடவுவார்கள். நான் மேலே மின்விசிறியைப் பார்த்தபடி பாடம் நடத்துவேன். இது மூச்சுக்குழல், பக்கத்தில் துடிப்பது ரத்தக்குழாய், இரண்டுக்கும் இடையில் சாம்பல் நிறத்தில் தெரிகிறதே, அதுதான் தைராய்டு, எனக்கு இதுவரை சோறு போட்டதும் உங்களுக்கு இனி போடப்போவதும் அதுதான் என்பேன். வருடா வருடம் இதே வசனம், வருடா வருடம் சிரிப்பார்கள்.

அந்த வருடம் துறைக்குப் புது ஸ்கேன் மெஷின் வந்திருந்தது. பழையது மங்கலாகக் காட்டியதையெல்லாம் இது பளிச்சென்று காட்டியது. கருவியைப் பிடித்திருந்த முதுநிலை மாணவியின் கை என் கழுத்தின் இடப்பக்கத்தில் நின்றுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

"என்ன, கை மரத்துப்போச்சா?" என்று கேட்டேன். கொச்சி என்பதால் எங்கள் துறையில் பேச்செல்லாம் மலையாளம்தான். இங்கே எழுதும்போது என் வசதிக்குத் தமிழாக்கிக்கொள்கிறேன்.

நான் திரையை என் பக்கம் திருப்பினேன். ஒரு துவரம்பருப்பு அளவுக்குக் கறுப்பாக ஒன்று. ஓரம் ஒழுங்கில்லை. அகலத்தைவிட உயரம் அதிகம். உள்ளே வெள்ளைப் பொடி தூவியது போலச் சில புள்ளிகள். இந்த அடையாளங்களை எல்லாம் முந்தைய வாரம்தான் இதே பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தேன்.

"இது என்னன்னு சொல்லு."

அவள் அழ ஆரம்பித்தாள்.

"அழுகைக்கு மார்க் கிடையாது. பதில் சொல்லு."

சொன்னாள். சரியான பதில். பிறகு ஊசியால் திசு எடுத்தும் பார்த்தோம். தைராய்டு புற்றுநோயில் அடிக்கடி வருகிற, மெதுவாக நகர்கிற வகை. சின்னஞ்சிறியது.

இதில் என்ன கூத்து என்றால், என் வாழ்க்கையில் பாதியை நான் இந்தச் சின்னஞ்சிறியவற்றுக்காகச் சண்டை போட்டே கழித்திருக்கிறேன். பெரியதாக வரும் கட்டியை அறுக்க என் கை நடுங்கியதில்லை. மூச்சுக்குழலைச் சுற்றிக்கொண்டவை, குரல் நரம்போடு ஒட்டிப்போனவை, வேறு இடங்களில் முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்டவை எல்லாம் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அதைச் செய்யத்தான் படித்தேன். என் கோபம் வேறு. உடம்பில் ஒரு குறையும் இல்லாதவர்களை முழு உடல் பரிசோதனை என்று அழைத்து, கூடவே கழுத்தையும் ஸ்கேன் செய்வார்கள். பருப்பு அளவில் ஏதோ தெரியும். 'கேன்சர்' என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பமே உட்கார்ந்துவிடும். மறு வாரம் தைராய்டு மொத்தமும் போய்விடும். பிறகு ஆயுள் முழுக்க மாத்திரை. சிலருக்குக் கால்சியம் இறங்கிக் கைவிரல் இழுத்துக்கொள்ளும். சிலருக்குக் குரல் போகும். அந்தப் பருப்புகளில் பெரும்பாலானவை சாகும்வரை தொந்தரவு தராமல் அங்கேயே கிடந்திருக்கும்.

அதனால் நான் சொன்னேன்: குறையில்லாத கழுத்தை ஸ்கேன் செய்யாதே. தெரியாத்தனமாகக் கண்டுபிடித்துவிட்டாயா, சின்னதாக, ஆபத்தான இடத்தில் இல்லாமல் இருக்கிறதா, விட்டுவைத்துக் கவனி. வளர்ந்தால் அறு. இதைக் கட்டுரைகளில் எழுதினேன். மாநாடுகளில் கத்தினேன். பரிசோதனை முகாம் நடத்துகிறவர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. இப்படியெல்லாம் ஊருக்கு உபதேசம் செய்த நான், எனக்கு மட்டும் வருடந்தோறும் மாணவர்கள் கையால் இலவசமாக அதே பரிசோதனையைச் செய்துகொண்டிருந்திருக்கிறேன். இந்தத் தப்பு வாத்தியார் வேலை பார்க்கும் டாக்டருக்குத்தான் வாய்க்கும்.

மத்தியானத்துக்குள் மருத்துவமனை முழுக்கத் தெரிந்துவிட்டது. துறைத் தலைவர் என் அறைக்கே வந்தார். திருப்பூணித்துறைக்காரர். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், ஆனாலும் மகளே என்கிற மாதிரி 'மோளே' என்றுதான் கூப்பிடுவார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னைப் பற்றி அவருக்கு ஒரே அபிப்பிராயம்: கை நல்ல கை, நாக்குதான் நீளம். அவரைப் பற்றி எனக்கும் கிட்டத்தட்ட அதே அபிப்பிராயம்தான்.

"மோளே, அடுத்த வாரம் லீவு போடு. நானே பண்ணித் தரேன். மொத்தமா எடுத்துடலாம், அயோடின் மருந்தும் கொடுத்துடலாம். நிம்மதி."

"யாருக்கு நிம்மதி?"

"எல்லாருக்கும்" என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். நிர்வாகம் ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சி வைக்கப்போகிறதாம். பரிசோதனையால் உயிர் பிழைத்த பேராசிரியர் என்று நான் மேடையேறிப் பேச வேண்டுமாம். எனக்கு உச்சந்தலை வரை சூடேறிவிட்டது. என் உயிர் எங்கேயும் போகவில்லை, அது பிழைக்க வேண்டிய அவசியமும் இல்லை, மேடையேறினால் நான் என்ன பேசுவேன் என்று உங்களுக்கே தெரியும் என்றேன். அவர் போய்விட்டார். மேடைப் பேச்சு அதோடு முடிந்தது.

வீட்டில் அம்மாவைச் சமாளிப்பது அதைவிடக் கஷ்டம். அம்மா கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மட்டாஞ்சேரியில் நாங்கள் இருந்த வரிசையில் எல்லாமே தமிழ் வீடுகள், எல்லாருக்கும் கார்ப்பரேஷன் வேலை. பள்ளிக்கூடத்தில் என்னை, தமிழர்களைக் கேலி செய்யும் சொல்லால், 'பாண்டி' என்று கூப்பிட்டவனின் வீட்டுக்கே போய், அவன் அம்மாவிடம் நியாயம் கேட்டவர். எனக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது யாருக்கும் மிட்டாய் கொடுக்கவில்லை. இவ்வளவு வருஷம் இவங்க குப்பைய அள்ளினேன், மிட்டாய் வேற கொடுக்கணுமா என்று கேட்டார். என் திமிர் எங்கிருந்து வந்தது என்று துறையில் யாராவது கேட்டால் அம்மாவைக் காட்டலாம். அந்த அம்மாதான் அன்று வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"உனக்குக் கேன்சராமே. போட் ஜெட்டில வெச்சு ஆளுங்க பறயுறாங்க. நான் அடுத்தவங்க வாயிலேருந்து அறியணுமா?"

"சின்னதும்மா. ஒண்ணும் ஆகாது. கவனிச்சுட்டு இருந்தாப் போதும்."

"கவனிக்குறதா? அது என்ன அடுப்புல வெச்ச பாலா? அறுத்துக் கள மோளே, தூக்கிப் போடு. ஊரு கழுத்தெல்லாம் அறுக்குறே, உன் கழுத்துக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

விளக்கினேன். அவர் கேட்கவில்லை. என்னோடு பேசுவதை நிறுத்தினார். மீன்குழம்பு மட்டும் மேசைக்கு வந்துகொண்டிருந்தது. வெளியே எவ்வளவு வாயாடினாலும், அம்மா முகத்தைப் பார்க்காமல் சோறு தின்பது எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை. அதற்குக் காரணம் ஒரு அக்கா.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித் துணி தேய்க்கும் அக்கா அவர். ஃபோர்ட் கொச்சி ஹோட்டல்களிலிருந்து படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக அவரிடம் வரும். என் வெள்ளைக் கோட்டும் அவரிடம்தான் போகும். ஏதோ முகாமில் கழுத்தை ஸ்கேன் செய்து, ஒரு பருப்பைக் கண்டுபிடித்து, உடனே அறுக்க வேண்டும் என்று பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். அழுதுகொண்டு என்னிடம் வந்தார். பார்த்தேன். விட்டுவைக்கலாம் என்றேன். அவர் புருஷன் திட்டினார், மகன் திட்டினான், தேய்க்கத் துணி கொண்டுவருகிறவர்கள்கூட ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அக்காவுக்கு மட்டும் தைரியம் வந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை எனக்குப் போன் போட்டு, எச்சில் முழுங்கினால் ஏதோ தடுக்கிறது என்பார். எல்லாருக்கும் எச்சில் முழுங்கும்போது கவனித்தால் தடுக்கத்தான் செய்யும் என்பேன். அப்படியும் அறுக்கப் போகவில்லை. நான் சொன்ன ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என் செய்தி அவர் காதுக்கும் போய்விட்டது. தேய்க்கக் கொடுத்த வெள்ளைக் கோட்டை வாங்கப் போனேன். தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"டாக்டரே, உங்களுக்கும் அதே சாதனம்தானாமே." மலையாளத்தில் எந்தப் பொருளும் 'சாதனம்'தான், அக்காவுக்கும் அப்படியே.

"ஆமாக்கா."

"நீங்க அறுக்கப் போறீங்களா?"

அந்தக் கேள்வியில் எல்லாம் இருந்தது. நான் அறுத்துக்கொண்டால் அவர் இத்தனை நாள் கேட்ட திட்டுக்கெல்லாம் அர்த்தமில்லை. எனக்கொரு சட்டம், அவருக்கொரு சட்டம் என்றாகிவிடும். அவர் மட்டுமா, நான் விட்டுவைத்த அத்தனை பேரும் அன்றைக்கு அந்தத் தேய்ப்பு மேசைக்கு எதிரே நின்று கேட்ட மாதிரிதான் இருந்தது.

"இல்லக்கா. இனிமே ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஸ்கேன் பண்ணுவோம். வளர்ந்தா அறுக்கணும். வளரலைன்னா விடணும். எனக்கும் உங்களுக்கும் ஒரே சட்டம்" என்றேன்.

சொன்னபடி செய்தோம். குறித்த நாளில் நானும் புறநோயாளி வரிசையில் உட்காருவேன். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வேன். முதலில் அக்கா, பிறகு நான். அழுத அதே மாணவிதான் இருவருக்கும் பார்ப்பாள். அவளுக்கு இப்போது கை நிற்பதில்லை. ஒவ்வொரு முறையும் இருவருடையதும் போன தடவை இருந்தபடியே இருந்தது. எனக்கு அதில் கர்வம் ஏறிக்கொண்டே போனது. வகுப்பில் என் படத்தையே போட்டுக் காட்டினேன். துறைத் தலைவர் எதிரே வந்தால், வேண்டுமென்றே நின்று, "அப்படியே இருக்கு சார், உங்களை விசாரிச்சுது" என்பேன். அவர் சிரிக்க மாட்டார். வீட்டில் அம்மாகூட மெல்லப் பேச ஆரம்பித்திருந்தார்.

பிறகு ஒரு நாள் ஸ்கேன் முடிந்து அக்கா எழுந்து உட்கார்ந்து கழுத்துப் பசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடையதில் மாற்றமில்லை. நான் படுத்தேன். மாணவி அளந்தாள். திரும்ப அளந்தாள்.

"மேடம், வளர்ந்திருக்கு."

"கருவியைச் சாய்ச்சுப் பிடிச்சிருப்பே. நேரா வெச்சுப் பாரு."

நேராக வைத்துப் பார்த்தாள். கருவியைப் பிடுங்கி, கண்ணாடி பார்த்துப் பொட்டு வைப்பதைப் போல நானே என் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். வளர்ந்துதான் இருந்தது. கருவியின் பிழை என்று தள்ளிவிடக்கூடிய அளவு அல்ல. அறுக்க வேண்டும் என்று நானே எழுதிவைத்த எல்லையைத் தாண்டியிருந்தது.

அந்த நிமிடம் எனக்கு வந்த பயம் புற்றுநோயைப் பற்றியது அல்ல. துறைத் தலைவரின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. அந்த விழிப்புணர்வு மேடை வந்தது. அன்றைக்கே சொன்னோமே என்று சொல்லப்போகிற அத்தனை வாய்களும் வந்தன. வேறு யாருடைய கழுத்தாக இருந்தாலும் அங்கேயே தேதி குறித்திருப்பேன். என் கழுத்துக்கு என் மனம் சாக்குத் தேட ஆரம்பித்தது.

"இன்னொரு ஆறு மாசம் பார்க்கலாம்" என்றேன் மாணவியிடம்.

அவள் எழுதவில்லை. நாங்கள் பேசியது மலையாளத்தில், ஆனால் அக்காவுக்கு அது நன்றாகவே புரியும். துணியை மடித்து வைத்துவிட்டுத் திரும்பினார்.

"வளந்தா அறுக்கணும்னு நீங்கதானே பறஞ்சீங்க."

நான் கழுத்துப் பசையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"எனக்கு வளந்திருந்தா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றேன். என்மேல் எனக்கே வெட்கமும் எரிச்சலுமாக வந்தது. மாணவியிடம் தேதி குறிக்கச் சொன்னேன்.

துறைத் தலைவரையே அறுக்கச் சொன்னேன். எல்லாருக்கும் ஆச்சரியம். எனக்கு அவருடைய வாய்தான் ஆகாது, கை இந்த ஊரிலேயே நல்ல கைகளில் ஒன்று. என் குரல் நரம்பை வேறு யாரிடம் கொடுப்பேன்? அவர் என் அறையில் உட்கார்ந்து, சாயாவை ஆற விட்டு, மெதுவாக ஆரம்பித்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னீங்க. அன்னைக்கு நீங்க சொன்னது தப்பு, இன்னைக்கு நான் பண்ணப்போறது சரி. காத்திருந்தோம், வளர்ந்துச்சு, அறுக்கிறோம். பக்கத்துல பரவல. இத்தனை நாள் காத்திருந்ததால எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. இதுதான் சார் வைத்தியமே."

"மொத்தமா எடுத்துடலாம்."

"இடது பாதி மட்டும்."

"பிடிவாதம் பிடிக்காதே மோளே."

"பிடிவாதம் இல்ல, உங்களுக்கும் தெரியும். வலது பக்கம் சுத்தமா இருக்கு. அது என் கூட வேலை செய்யட்டும்."

அறுவை அன்று காலை, நோயாளிக்கு நான் வழக்கமாகச் செய்வதை எனக்கே செய்துகொண்டேன். உட்கார்ந்த நிலையில், தலையைத் தாழ்த்தி நிமிர்த்தி, கழுத்து மடிப்பு எங்கே விழுகிறது என்று கண்ணாடியில் பார்த்து அந்த வரியிலேயே மையால் கோடு போட்டேன். படுக்கவைத்துப் போட்டால் கோடு இடம் மாறிவிடும், தழும்பு வெளியே தெரியும். இடப்பக்கம் ஒரு அம்புக்குறி. பிறகு யோசித்து, வலப்பக்கத்தில் மலையாளத்தில் 'தொடக் கூடாது' என்று எழுதினேன். தியேட்டரில் அதைப் படித்துவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார் என்று பிறகு சொன்னார்கள். தொடவில்லை. நரம்பையும் அழகாகக் காப்பாற்றியிருந்தார். குரல் மட்டும் கொஞ்ச நாள் கரகரத்தது. வார்டில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, நீ பேசாம கிடக்குறது வீட்டுக்கே நிம்மதி என்றார். கண் கலங்கியிருந்தது.

வேலைக்குத் திரும்பிய பிறகுதான் நஷ்டக் கணக்கு புரிந்தது. செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. அந்த டாக்டரே கடைசியில் அறுத்துக்கொண்டார், ஊரைத்தான் காக்க வைக்கிறார் என்று. நான் கவனித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். கலூரில் ஒருவர் வேறு இடத்தில் மொத்தமாக எடுத்துவிட்டு, இப்போது கால்சியம் மாத்திரை தின்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவருடையது வளரவே இல்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வளர்ந்ததை அறுத்ததற்கும் வளராததை அறுப்பதற்கும் வித்தியாசம் இல்லையா என்று யாரிடம் போய்க் கத்துவது? கத்துவதற்குக் குரலும் இல்லை. தழும்பை மறைக்கச் சால்வை போடச் சொன்னார்கள். போடவில்லை. பார்க்கட்டும். கேட்டால் பதில் சொல்கிறேன். கேட்காமல் போகிறவர்களை நான் என்ன செய்ய?

குறித்த நாள் வந்தது. இந்த முறை வரிசையில் நான் உட்கார வேண்டியதில்லை. அக்கா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வராவிட்டால் அவரைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாயில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டே, வாசலைப் பார்த்தபடி இருந்தேன். வந்தார், மகனோடு. மகன் காக்கநாட்டில் ஐடி கம்பெனிக்குக் கார் ஓட்டுகிறான். தமிழ் பேசத் தொடங்கினால் பாதியில் மலையாளத்துக்குப் போய்விடுவான். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ஏற்கெனவே நாள் கேட்டு வைத்திருந்தான்.

ஸ்கேன் செய்தோம். வளரவில்லை. இன்னும் விட்டுவைக்கலாம் என்றேன். என் குரல் கீச்சென்று போய்த் திரும்பி வந்தது.

அவன் என் தழும்பைப் பார்த்தான். பார்வையை மறைக்கவும் இல்லை. "டாக்டர் அவங்களோடத அறுத்துக் களஞ்சுட்டு, எங்கம்மாவ மட்டும் விட்டு வெக்குறாங்க. இது எந்த ஊரு ஞாயம்? நாளைக்கு வளர்ந்துச்சுன்னா யாரு பாப்பாங்க?"

"நான் பாப்பேன். வளர்ந்தா நானே அறுப்பேன்" என்றேன்.

"அதுக்கு முந்தி நாங்க காக்கநாட்டுல..."

அக்கா கட்டிலிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். பயந்துதான் இருந்தார், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். மகனைப் பார்த்துச் சொன்னார்.

"டாக்டரோடது வளந்துச்சு, அறுத்தாங்க. என்னோடது வளரல. அவங்க கழுத்து அவங்களுக்கு, என் கழுத்து எனக்கு. நீ போயி வண்டிய எடு."